என்னைப் பாய்மரத்தில் கட்டுங்கள்

குடியை நிறுத்தி இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் சிரித்த முகத்தோடு வந்து, "இப்ப கன்ட்ரோல் வந்துடுச்சு டாக்டர், இனிமே பயமில்ல" என்பார்கள். எனக்கு அப்போதுதான் கவலை கூடும். மனநல மருத்துவம் பார்க்கிற நான், அவர்களுக்குப் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் சொன்ன ஒரு கதையைச் சொல்வதுண்டு.

டிராய் போர் முடிந்து கப்பலில் ஊர் திரும்பும் கிரேக்க வீரன் ஒடிசியஸ், பாடி மயக்கும் மாயப் பெண்களான சைரன்களின் தீவைக் கடந்தாக வேண்டும். அவர்களுடைய பாட்டில் மயங்கியவர்கள் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. சர்சி என்ற மந்திரக்காரி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். அதன்படி ஒடிசியஸ் மாலுமிகளின் காதில் மெழுகை அடைக்கிறான். தன் காதை மட்டும் அடைத்துக்கொள்ளவில்லை. பாட்டைக் கேட்க ஆசை. கேட்டால் தான் என்ன ஆவோம் என்பதும் தெரியும். அதனால் தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொல்கிறான். அவிழ்த்துவிடும்படி கெஞ்சினால் இன்னும் இறுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாட்டு காதில் விழுந்ததும் புருவத்தாலேயே சைகை காட்டுகிறான், அவிழ்க்கச் சொல்லி. அவனுடைய ஆட்களான பெரிமிடீஸும் யூரிலோகஸும் எழுந்து வந்து கூடுதல் கயிறு போடுகிறார்கள்.

சைரன்கள் பாடியது காதல் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹோமரில் அப்படி இல்லை. அவனைப் பெயர் சொல்லி அழைத்து, கிரேக்கர்களின் பெருமையே என்று புகழ்ந்து, டிராயில் நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும், கேட்டு அறிவு பெற்றுப் போ என்கிறார்கள். குடியின் இழுப்பும் இந்த வகைதான். 'இத்தனை நாள் எவ்வளவு கட்டுப்பாடா இருந்த, தம்பி கல்யாணத்துக்கு ஒண்ணே ஒண்ணு' என்று அவரவர் குரலில், அவரவருக்குப் பிடித்த நியாயத்தோடு பேசும்.

ஆகவே நான் மன உறுதியைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. எந்த நாளில், எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது உங்கள் புத்தி உங்கள் பக்கம் நிற்காது? சம்பள நாள் என்றால் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்க வேண்டும்? நீங்கள் கெஞ்சினாலும் கொடுக்காத ஆள் வீட்டில் யார்? தன்னை அறிவது என்பதில் எனக்கு வேலைக்கு ஆகிற பகுதி இதுதான்.

குடியை நிறுத்தியவர்களுக்குக் கொடுக்கும் டைசல்பிரம் மாத்திரையும் ஒரு கயிறுதான். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு இருக்கலாம். சில வீடுகளில் இதைத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், இதய நோய் இருந்தால் இன்னும் மோசம். ஒடிசியஸைக் கட்டியது அவன் சொல்லித்தான்.

தெளிவாக இருக்கும்போதே பின்னால் வரப்போகிற நாளுக்காகச் செய்யும் இந்த ஏற்பாட்டை, ஒடிசியஸின் ரோமானியப் பெயரால் 'யுலிசிஸ் ஒப்பந்தம்' என்கிறோம். மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, இதற்கு நெருக்கமான ஒன்றை அனுமதிக்கிறது: எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் பேச யாரை நியமிக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முடிவெடுக்கும் திறன் இல்லாதபோதுதான் அது நடைமுறைக்கு வரும். இடையில் மாற்றவும் ரத்து செய்யவும் உரிமை உண்டு. என்னிடம் இதைப் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர், நோயாளி ஏற்கெனவே வார்டில் சேர்ந்த பிறகு வரும் உறவினர்கள்.