சமயக் கல்வி: மத போதனை என்று மாற்றிச் சொல்லக் கூடாத சொல்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் சித்தி மகள் போனில் கேட்டாள். "அக்கா, பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஆர்.இ.ன்னு ஒரு பாடம். ஒரு வாரம் தீபாவளி, ஒரு வாரம் நோன்பு, ஒரு வாரம் குருத்வாரான்னு போகுது. அம்மா என்ன பாடம்னு கேட்டாங்க, தமிழ்ல என்னன்னு சொல்றது?" ரிலிஜியஸ் எஜுகேஷன் என்பதன் சுருக்கம்தான் ஆர்.இ. நானும் யோசிக்காமல் "மத போதனை" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அந்தப் பிள்ளை படிப்பது ஒன்று, நான் சொன்னது வேறொன்று.

ராயபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். காசிமேட்டிலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளைகள், வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், ஆடி மாசம் வீட்டில் கூழ் ஊற்றும் பிள்ளைகள் எல்லாம் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அதனால் இந்தச் சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டியது எனக்கு முக்கியம்.

முதலில் மதம். "மிஸ், மதம் யானைக்குத்தான புடிக்கும்?" என்று என் வகுப்பில் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. வடமொழியில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று மன் என்ற வேரில் பிறந்தது, நினைத்தல், கருதுதல் என்று பொருள், அதன் வழி வந்த 'மத' என்பதற்குக் கருத்து, கொள்கை என்று பொருள். இன்னொன்று வெறி, களிப்பு என்ற பொருளுடையது, யானையின் மதநீர் அதிலிருந்து வந்தது. இரண்டிலும் வருவது வேறு வேறு ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் 'த' ஒன்றுதான் என்பதால், இங்கே வந்ததும் இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. கருத்து என்ற பழைய பொருள் தமிழில் நன்றாகவே புழங்கியிருக்கிறது. நன்னூல் 'எழுவகை மதம்' என்று சொல்லி உடன்படல், மறுத்தல் என்று அடுக்குகிறதே, அங்கே கோயிலும் இல்லை, சாமியும் இல்லை, ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எப்படி எதிர்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு. எழுதிய பவணந்தி முனிவர் ஒரு சமணர். ஆக, மதம் என்றால் ஒருவர் கொண்ட கருத்து, அதோடு உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம். இந்தப் பொருளை நாம் கைவிட்டுவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

சமயம் என்பதும் வடமொழிதான் என்பார்கள். ஒன்றுகூடுதல், உடன்பாடு, வேளை, கோட்பாடு என்று அதற்குப் பல பொருள். சமை என்ற தமிழ் வேரிலிருந்து, பக்குவப்படுதல் என்ற பொருளில் வந்தது என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் 'சமயத்துல வந்து உதவினான்' என்று தெருவில் சொல்கிற சொல்லும் சைவ சமயம் என்கிற சொல்லும் ஒன்றுதான். மணிமேகலையில் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள், வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் என்று வரிசையாக. அவள் எல்லோரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள், கேட்டதற்காக அந்தந்தச் சமயத்தில் சேர்ந்துவிடவில்லை. சித்தி பேத்தி லண்டனில் படிக்கும் பாடத்துக்கு இதைவிடப் பழைய தமிழ் உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம் போதனை. புத் என்ற வேர், விழித்தல், அறிதல். புத்தர், போதி எல்லாம் அந்தக் குடும்பம்தான். நல்ல பிறப்பு. ஆனால் தமிழில் போதிப்பவர் மேலே நிற்பார், கேட்பவர் கீழே உட்கார்ந்திருப்பார், கேட்டபடி நடக்கவும் வேண்டும். 'துர்போதனை' என்றும் ஒரு சொல் இருக்கிறது. கல்வியோ கல் என்ற தமிழ் வேர், கல்லுதல் என்றால் தோண்டுதல். தோண்டுகிறவர் அந்தப் பிள்ளையேதான், ஆசிரியர் இடத்தைக் காட்டலாம், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் வெறும் சொல்லாராய்ச்சி கிடையாது, சட்டத்திலேயே இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் அப்படி ஒரு வகுப்பு நடந்தால், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்க முடியாது. சமயங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு என்பதை 1964-66 கோத்தாரி கல்விக் குழு பிரித்துக் காட்டியது, 2002-இல் உச்ச நீதிமன்றமும், பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் அதற்குத் தடையில்லை என்றது. இங்கிலாந்திலும் இதே நகர்வுதான். 1944 கல்விச் சட்டத்தில் போதனை என்ற பொருள் தரும் 'இன்ஸ்ட்ரக்‌ஷன்' இருந்தது, 1988 சட்டம் அதை 'எஜுகேஷன்' என்று மாற்றியது, கிறிஸ்தவத்தோடு மற்ற முக்கியச் சமயங்களையும் பாடத்திட்டம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. பெற்றோர் வேண்டாம் என்றால் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை அங்கேயும் உண்டு.

போதனை என்ற வகுப்பே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கத்தோலிக்கர் அதை மறைக்கல்வி என்கிறார்கள், வயசானவர்கள் ஞானோபதேசம் என்பார்கள், பிள்ளைகள் கேட்டகிசம் என்பார்கள். கொல்லத்தில் 1578-இல் அச்சான தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், அப்படிப்பட்ட ஞானோபதேச நூல்தான். முஸ்லிம்கள் மார்க்கக் கல்வி என்கிறார்கள், என் மாணவி 'சாயங்காலம் ஓதப் போவணும் மிஸ்' என்பாள், ஓதுதல் எவ்வளவு அழகான தமிழ்! இதெல்லாம் அவரவர் வீட்டுக்குரியது, அவரவர் கூட்டத்துக்குரியது. கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு அது பொருந்தாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் செவ்வாய்க்கிழமை கடைசிப் பீரியடில் மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் ஒரு அறைக்கும் மீதிப் பேர் 'மாரல்' என்று இன்னொரு அறைக்கும் போவார்கள். ஒன்றாக இட்லியைப் பங்கு போட்டுத் தின்ற இரண்டு பேர் வாசலில் பிரிந்து போவதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு வாரமும் கஷ்டமாக இருந்தது.

சரி, தனித்தமிழில் என்ன சொல்வது? நெறி என்ற சொல் இருக்கிறது, வழி என்று பொருள், மார்க்கத்துக்கும் அதே பொருள்தான். நெறிக்கல்வி என்று சொல்லலாம்தான். ஆனால் நன்னெறி, நீதிபோதனை என்று ஏற்கெனவே ஒரு வகுப்பு இருப்பதால் பெற்றோருக்குக் குழம்பும், தவிர சாமியே கும்பிடாதவருக்கும் நெறி உண்டு. சமயவியல் என்பது கல்லூரிக்குச் சரி, எட்டு வயசுக்குக் கனம். சமயக் கல்விதான் என் தேர்வு. வேர் எந்த மொழியாக இருந்தாலும் மணிமேகலைக் காலத்திலிருந்து நம்மோடு இருக்கும் சொல்.

என் வகுப்பில் ஒருநாள் சொற்களை வைத்தே இதைத் தொடங்கினேன். வீட்டில் கடவுளிடம் பேசுவதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதினேன்: கும்பிடுறது, தொழுறது, செபம், ஜெபம். காசிமேட்டுப் பையன் "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவோம்" என்றான், பின்பெஞ்சிலிருந்து "எங்க வீட்டுலயும் பூஜை இருக்கு!" என்று ஒரு குரல். நோன்பு என்று எழுதியதும் மூன்று பக்கமும் கை தூக்கின. நோல் என்றால் பொறுத்துக்கொள்வது, பசியைப் பொறுப்பதால் நோன்பு என்று சொன்னேன். பள்ளி என்ற சொல்லையும் எழுதினேன். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி, தொழும் இடம் பள்ளிவாசல், நாம் உட்கார்ந்திருப்பது பள்ளிக்கூடம். "அப்ப நம்ம ஸ்கூலும் பள்ளிவாசலும் சொந்தமா மிஸ்?" என்று கேட்டாள் அந்த ஓதப் போகிற பெண். சொந்தம்தான் என்றேன்.

மறுநாள் சித்திக்கே போன் போட்டு, "நான் தப்பாச் சொல்லிட்டேன் சித்தி, அது சமயக் கல்வி, எல்லாரோட சமயத்தைப் பத்தியும் தெரிஞ்சுக்கிற பாடம்" என்றேன். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். "அப்படியா, அப்ப நம்ம வடிவுடையம்மனப் பத்தி டீச்சருக்கு யாரு எழுதிக் குடுக்குறது?" என்று கேட்டாள்.