ஒட்டுக்குக் கீழே தழைப்பது உங்கள் மரம் அல்ல

"இத்தனை நாள் சோர்ந்து கிடந்தது, இப்போதுதான் மரம் தலையெடுத்திருக்கிறது" என்று தொங்கு பேரி வளர்ப்பவர்கள் பூரிப்போடு காட்டுகிறார்கள். அங்கே பளபளக்கும் பச்சை இலைகளோடு கிளைகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. ஆசைப்பட்டு அழகுக்காக வாங்கிய வெள்ளி நிறத் தொங்கு பேரி, அந்தக் கிளைகளின் நிழலில் பாதி காய்ந்துவிட்டது. இந்த வாரமும் அப்படி ஒரு மரத்தைப் பார்த்தேன். முன்பே அழைத்திருந்தால் கையாலேயே கிள்ளி எறிந்திருக்கலாம்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கடையில் நீங்கள் வாங்குவது ஒட்டு மரம். காக்கசஸ், துருக்கி, ஈரான் பகுதிகளில் வளரும் வெள்ளியிலைப் பேரியின் தொங்கும் வகையை, வீரியமான வேறொரு செடியின் மேல் ஒட்டுக் கட்டியிருப்பார்கள். ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே இருப்பது உங்கள் மரம். கீழே துளிர்ப்பது வேர்ச்செடி, அதாவது வேர் தரும் அந்த வேறொரு செடி. "இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே, நிழல்தானே" என்கிறார்கள். இருக்காது. அடியில் துளிர்ப்பது வேர் தரும் நீரையும் சத்தையும் தனக்கே இழுத்துக்கொள்ளும். மேலே ஒட்டிய உங்கள் மரம் பட்டினி கிடக்கும். வேகமாக வளர்கிறது என்பதாலேயே அது நல்ல மரமாகிவிடாது.

அடையாளம் காண்பது எளிது. தொங்கு பேரியின் இலை ஒடுக்கமானது; இளம் இலையைத் தடவினால் மெல்லிய பஞ்சு விரலில் ஒட்டும். வேர்ச்செடி பேரியாக இருந்தால் அதன் இலை அகலமாக, வழவழப்பாக இருக்கும், சிலவற்றில் முள்ளும் உண்டு. அந்த வெள்ளி நிறத்தைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் கொழுத்த இளந்துளிர் வரும். தீக்கருகல் என்னும் பாக்டீரியா நோய் முதலில் பிடிப்பது அதைத்தான். தொங்கு பேரியின் காயும் சிறியது, கல்போல் கெட்டி, வாய்க்கு ஆகாது. அதை எதிர்பார்த்தும் உரம் போடாதீர்கள்.

அடித்துளிரைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். ஒன்றை வெட்டினால் அடிமொட்டுகளிலிருந்து நான்கு வரும். மண்ணை விலக்கி, புறப்படும் இடம்வரை போய், இளசாக இருக்கும்போதே அடியோடு பிய்த்தெடுங்கள். முற்றிவிட்டால் தண்டை ஒட்டி அறுக்க வேண்டியதுதான்.

கவாத்து குளிர்காலக் கடைசியில். தொங்கும் நுனிகளை மட்டும் வரிசையாக நறுக்காதீர்கள். வெளியே அடர்ந்து உள்ளே இருண்டுவிடும். உள்ளே கை விட்டுப் பட்ட குச்சிகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுங்கள். ஒரே முறையில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கோடையில் நுனி வளைந்து கருகி, இலை உதிராமல் தொங்கினால் அது தீக்கருகலின் அடையாளம், காத்திருக்காதீர்கள்: கருகலுக்கு 30 செ.மீ. கீழே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

நடும்போது நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் பாருங்கள். 5 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலம் ஆகக்கூடிய மரம், சுவரோரம் திணிக்காதீர்கள். ஒட்டு மண்ணுக்குள் போகக் கூடாது, மண்மேல் பரப்பும் சருகு மூடாக்கும் தண்டைத் தொடக் கூடாது. வாங்கும் அன்றே ஒட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தண்டின் அடியிலும் இருக்கலாம், ஆள் உயரத்திலும் இருக்கலாம். அந்த இடம் தெரியாமல் கத்தரியை மட்டும் எடுக்காதீர்கள்.