பட்டாலையில் நின்றால் முகம் ஏன் இருண்டுவிடுகிறது?

காரைக்குடிப் பக்கம் வரும் பள்ளிச் சுற்றுலா பஸ்களின் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. அப்புறம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீடு, ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் இடம், நடுவில் சாப்பாடு. ராத்திரி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழும். முற்றம் வெள்ளையாக வெளுத்திருக்கும், நண்பன் கறுப்பு நிழலாக நிற்பான், தூண்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும், தரையின் பூவேலை மேல் ஒரு வெளிச்சப் பட்டை கிடக்கும். போன் மட்டமானது என்று பழிபோட வேண்டாம். விலை கூடின போனிலும் இந்தத் தொல்லை உண்டு. அந்த வீடுகள் வெளிச்சத்தை உள்ளே விடுகிற முறையும், கேமரா வெளிச்சத்தை அளக்கிற முறையும் ஒத்துப்போவதில்லை.

வெயிலைத் தடுக்கத் தெரிந்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. சுவர் தடிமன், தாழ்வாரம் ஆழம், வெயில் நேராக இறங்குவதற்கு நடு முற்றம் ஒன்றுதான் வழி. உச்சி வெயில் படும் முற்றத்துத் தரையில் வெளிச்சம் 1 லட்சம் லக்ஸை நெருங்கும். பத்தடி தள்ளி, பட்டாலை என்கிற கூடத்தின் உள்மூலையில் 100 லக்ஸ் இருந்தால் பெரிது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். நம் கண்ணுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பார்வை ஒவ்வோர் இடமாக நகர்கிறது, பாவை சுருங்கி விரிகிறது, விழித்திரையும் தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது, மூளை எல்லாவற்றையும் ஒட்டி ஒரே காட்சியாகத் தருகிறது. கேமராவோ ஒரே நொடித்துளிக்குள் மொத்தத்தையும் அள்ளியாக வேண்டும்.

அள்ளுவது சென்சார். பல போன்களில் அதன் அகலம் 1 சென்டிமீட்டர் கூட இருக்காது. அதற்குள் கோடிக்கணக்கான நுண்குழிகள், வந்து விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்துவைக்கின்றன. மழைநாளில் கூரைத் தண்ணீர் பிடிக்க முற்றத்தைச் சுற்றி வைக்கும் அண்டாக்களைப் போலத்தான். நிறைந்து வழிந்த அண்டாவைப் பார்த்து எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியாது. படத்தில் வெளுத்துப்போன வானம் அப்படி வழிந்த இடம், பிறகு எந்த ஆப்பில் திருத்தினாலும் அங்கே மேகம் திரும்பி வராது. இருட்டுப் பகுதியில் சிக்கல் வேறு மாதிரி. ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, தாறுமாறாக விழுகின்றன. ஒரு குழியில் 10,000 விழ வேண்டிய இடத்தில் சுமார் 100 கூடக் குறைய விழும், அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே விழ வேண்டிய இடத்தில் 10 கூடக் குறைய விழும், அது 10 சதவீதம். இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சேர்ந்த ஒளியைப் பெருக்கும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டினால் அந்தக் கொஞ்சம் வெளிச்சத்தோடு தடுமாற்றமும் சேர்ந்தே பெரிதாகிறது.

பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கவோ விரிக்கவோ முடியாது. கேமராவின் கையில் இருப்பவை இரண்டே: எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்ப்பது, சேர்ந்ததை எவ்வளவு பெருக்குவது. எதை வைத்து முடிவெடுக்கிறது? காட்சி முழுவதையும் சராசரி பார்த்து, அந்தச் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறத்தில் வந்தால் சரி என்று வைத்துக்கொள்கிறது. முகம் தெரிந்தால் அதற்குக் கொஞ்சம் முன்னுரிமை தரும், அவ்வளவுதான். வெறும் ஊகம். நண்பனுக்குப் பின்னால் முற்றம் பளபளத்தால் சராசரி எகிறும், கேமரா ஒளியைக் குறைக்கும், நண்பன் கரியாவான். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரை மட்டும் எடுத்தால் அது அழுக்குச் சாம்பலாக வருவதும் இந்தக் கணக்கினால்தான்.

ஊகத்தைத் திருத்த ஒரு விரல் போதும். திரையில் முகத்தைத் தொட்டால், 'இந்த இடத்தை வைத்துக் கணக்குப் போடு' என்று சொன்னதாக அர்த்தம். தொட்டதும் பக்கத்தில் வரும் சின்னச் சூரியனை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அளவு பூட்டிக்கொள்ளும், ஆட்கள் குறுக்கே நடந்தாலும் மாறாது.

இதைப் பழக அந்த வீடுகளிலேயே நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. தலைவாசலில் நின்றால் முகப்பு, பட்டாலை, முற்றம், அடுத்த கட்டு என்று நிலைக்கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் பின்வாசல் வரை தெரியும். இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம். போனைத் தூக்கி அப்படியே சொடுக்கினால் நடுவில் வெள்ளை ஓட்டை ஒன்று மிஞ்சும். வெயில் விழும் முற்றத்துத் தரையைத் தொட்டுப் பூட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள். கிட்டே இருக்கும் கதவு கறுத்துச் சட்டமாகிவிடும், உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகக் கதவுகள் தெரியும். அடுத்து, பக்கத்துக் கதவின் தேக்குச் செதுக்கலைத் தொட்டு எடுங்கள். இப்போது யாளியும் கொடியும் தெரியும், முற்றம் வெளுத்துவிடும். எது சரி என்று கேட்டால், எதைக் காட்ட நினைத்தீர்களோ அது. என் ஓட்டு முதல் படத்துக்கு.

இரண்டும் வேண்டுமென்றால் எச்டிஆர் இருக்கிறது. போன் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை அடுத்தடுத்து எடுக்கிறது, பெரும்பாலும் கொஞ்ச நேரமே ஒளி சேர்த்த படங்களாக. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, வெளிச்சமான பகுதி வழியாமலும் இருட்டான பகுதி புள்ளி தட்டாமலும் கலக்கிறது. ஆனால் அத்தனை படங்களும் அசங்காமல் பொருந்த வேண்டும். முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடும் தம்பிக்கு மூன்று கை முளைத்தால் போனைக் குறை சொல்ல முடியாது. இரவுப் பயன்முறையும் இதே வேலையைத்தான் சில நொடிகளுக்கு நீட்டிச் செய்கிறது. போனைத் தூணோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆள் படம் எடுக்க இன்னும் சுலபமான வழி உண்டு: இடம் மாறுங்கள். படம் எடுக்கும் நீங்கள் முற்றத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், எதிரே இருப்பவர் தாழ்வார நிழலில் முற்றத்தைப் பார்த்து நிற்கட்டும். திறந்த வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காகி முகத்தில் பரவும். ஒளி தரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் விளிம்பு மென்மையாகும், மூக்கின் கீழே கறுப்புக் கோடு விழாது. வீட்டு ஆச்சி யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கேட்காமல் எடுக்காதீர்கள். "ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பல பேர் தோடு, சங்கிலியெல்லாம் சரிசெய்துகொண்டு நன்றாகவே உட்காருவார்கள்.

ஆத்தங்குடியில் விஷயம் வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, கலவை பூசி மட்டம் தட்டுகிறார்கள். கரண்டி நகரும் அந்தக் கை வேகமானது. நொடிக்கு 1 மீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் கை அதற்குள் 3 சென்டிமீட்டர் போய்விடும், விரல்கள் புகையாகத் தெரியும். 500-ல் ஒரு பங்கு என்றால் நகர்வது 2 மில்லிமீட்டர்தான். புரோ பயன்முறை இருந்தால் நேரத்தை நீங்களே குறைக்கலாம். இல்லையென்றால் வாசல் வெளிச்சம் விழும் பக்கத்து மேடைக்குப் போய் எடுங்கள். வெளிச்சம் கூடினால் போன் தானாகவே நேரத்தைக் குறைத்துவிடும். கரண்டி திரும்பும் இடத்தில் கை ஒரு கணம் நிற்கும், அப்போது சொடுக்குவது பழைய போட்டோகிராபர்களின் வழி.

கல் காய்ந்ததும் கண்ணாடி தனியாகக் கழன்றுவரும், அதன் வழவழப்பு கல்லிலேயே தங்கிவிடும். படத்தில் பூவேலையை மறைக்கும் வெளிச்சப் பட்டைக்கு அந்த வழவழப்பே காரணம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த சுவருக்கும் இதே கதைதான். இங்கே ஒரு வித்தை பலிக்கும். கண்ணாடி, கல் மாதிரி உலோகமல்லாத பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கின்றன. எந்தக் கோணத்தில் இது முழுமையாக நடக்கும் என்ற விதியை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815-ல் சொன்னார். சாதாரணக் கண்ணாடிக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 56 டிகிரி. போனை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்தால், சுமார் 2.2 மீட்டர் தள்ளியிருக்கும் தரை அந்தக் கோணத்தில் வரும். அந்தத் திசை அதிர்வைத் தடுக்கும் போலராய்டு கூலிங்கிளாஸ் யாரிடமாவது இருந்தால் வாங்கி, போட்டுக்கொள்ளும் வாக்கிலேயே லென்ஸுக்கு முன்னால் பிடியுங்கள். பட்டை மங்கி அடியில் இருக்கும் சிவப்பும் பச்சையும் மேலே வரும். கூலிங்கிளாஸைக் கால்வட்டம் சுழற்றினால் பட்டை திரும்ப வந்துவிடும். கூலிங்கிளாஸ் பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும், கை ஆடக்கூடாது. அந்த வீடுகளில் இருக்கும் முகம் பார்க்கும் பெல்ஜியம் கண்ணாடியில் மட்டும் இது செல்லாது. அதன் பின்பூச்சு உலோகம். அங்கே பக்கவாட்டில் நகர்ந்து நின்று எடுப்பதுதான் வழி, ஃபிளாஷை அணைத்துவிட்டு.

தூண் சாய்வது லென்ஸின் குறையல்ல. போனை அண்ணாந்து பிடித்தால் தூணின் மேல்முனை சென்சாரிலிருந்து கூடுதல் தூரத்துக்குப் போகிறது. தூரம் கூடினால் உருவம் சிறுக்கும், ஆகவே தூண்கள் மேலே போகப் போக நெருங்கும். சென்சார் தூணுக்கு இணையாக, அதாவது போன் நட்டுக்குத்தலாக இருந்தால் இணைகோடுகள் இணைகோடுகளாகவே நிற்கும். முகப்பின் உச்சி சட்டத்துக்குள் அடங்கவில்லையா, எதிர்ச்சாரி வரை பின்னால் போங்கள். திரையில் கட்டம் காட்டும் கிரிட் கோடுகளைப் போட்டுவைத்தால் சாய்வு உடனே கண்ணில் படும்.

சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த படங்கள் மட்டும் மூட்டமாக இருந்தால் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் ஒளியைச் சிதறடித்துவிடும். எல்இடி விளக்கின் கீழே எடுத்த படத்தில் கறுப்பு வரிகள் ஓடினால், நொடிக்கு 100 முறை துடிக்கும் அந்த விளக்கும் வரி வரியாகப் படிக்கும் சென்சாரும் மோதுகின்றன. ஷட்டர் நேரத்தை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு என்று வைத்தால் அடங்கும்.

கடைசியில் எப்படியும் முகப்புக்கு முன்னால் குரூப் போட்டோ உண்டு. அறுபது பேரையும் அடக்க யாராவது 0.5 என்கிற அகலக்கோண லென்ஸைத் தட்டுவார்கள். அவ்வளவு அகன்ற காட்சியைத் தட்டையான படத்தில் விரிக்கும்போது ஓரங்கள் இழுபடுகின்றன. போன் தானாகத் திருத்தாவிட்டால் ஓரத்தில் நிற்பவரின் தலை, உயரத்தோடு ஒப்பிட்டால், வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும். தலைமையாசிரியர் பெரும்பாலும் ஓரமாகத்தான் வந்து நிற்பார். சாதாரண லென்ஸுக்கு மாற்றி, நாலு எட்டு பின்னால் போய், திண்ணைப் படிகளில் மூன்று வரிசையாக நிற்க வைத்து எடுங்கள். ஓரத்தில் தூண் வரட்டும், அது கோபித்துக்கொள்ளாது.