செயின் ஏன் கொஞ்சம் தொய்ந்தே இருக்க வேண்டும்?

குமரி மாவட்டத்துக் குளச்சல் துறைமுகத்திலிருந்து விடிகாலையில் மீனோடு கிளம்பும் பைக்குகளைப் பாருங்கள். ஐஸ் பெட்டியின் பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, சக்கரம் மட்கார்டை முட்டப் பார்க்கும். குலசேகரம் பக்கம் போனால் பெட்டிக்குப் பதில் ரப்பர் ஷீட் கட்டு. இந்த மாதிரி வண்டியைக் காலியாக ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைத் தொட்டுப் பார்த்து “லூசா இருக்கே” என்று முறுக்கிவிட்டால், அடுத்த லோடிலேயே அது கம்பியாக விறைத்து நிற்கும்.

காரணம் மூன்று புள்ளிகளில் இருக்கிறது: முன் ஸ்பிராக்கெட்டின் (செயின் மாட்டும் பல்சக்கரம்) மையம், ஸ்விங்ஆர்மைத் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) தாங்கும் போல்ட், பின்சக்கர ஆக்சில் (அச்சு). சக்கரம் ஏறி இறங்குவது அந்த போல்ட்டைச் சுற்றி. செயின் மாட்டியிருப்பதோ அதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஸ்பிராக்கெட்டில். இரண்டும் ஒரே மையம் இல்லாததால், சக்கரம் அசையும்போதெல்லாம் ஸ்பிராக்கெட்டுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. நடு ஸ்டாண்டில் சக்கரம் கீழே தொங்குவதால் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்காது. ஆள் ஏறினாலோ பள்ளத்தில் விழுந்தாலோ சக்கரம் மேலே வரும். மூன்றும் நேர்கோட்டுக்கு வரும் நொடியில் தூரம் உச்சத்தைத் தொடும். செயின் மிகவும் இறுகுவது அப்போதுதான். அந்த நொடிக்கான இருப்புதான் நாம் விடும் தொய்வு. அது இல்லாவிட்டால் செயின் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் பிடித்து இழுக்கும்.

அந்த இருப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே செயினின் கீழ்ப்பக்கம் 50 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் மொத்தம் 25 மி.மீ. ஆடுகிறது, சாதாரண கம்யூட்டர் பைக்குகளுக்கு ஏறக்குறைய இதுதான் அளவு. இந்த ஆட்டத்தைத் தருவது எத்தனை மி.மீ. கூடுதல் நீளம் தெரியுமா? 0.6 மி.மீ.தான்! துணி காயப்போடும் கொடியும் இப்படித்தான். கயிற்றை ஒரு விரற்கடை இழுத்துக் கட்டினால் தொங்கல் ஒரு சாண் குறைந்துவிடும்.

இப்போது ஆட்டம் 40 மி.மீ. ஆகிவிட்டது என்றால் கூடுதல் நீளம் 1.6 மி.மீ. ஆக, குறைக்க வேண்டியது வெறும் 1 மி.மீ. ஆக்சிலைப் பின்னுக்கு இழுக்கும்போது செயினின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேர்ந்தே நீளுகின்றன. அதனால் ஆக்சில் அரை மி.மீ. நகர்ந்தாலே போதும். ஆக்சிலைப் பின்னுக்கு இழுக்கும் அட்ஜஸ்டர் போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்குச் சுமார் 1 மி.மீ. நகர்த்தும் என்றால் தேவை அரைச் சுற்று. முழுச் சுற்று சுற்றியவர் செயினை நூல் பிடித்ததுபோல் இறுக்கிவிட்டார் என்று அர்த்தம். கால் சுற்றாகச் சுற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதுதான் சரி.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்வதில்லை. எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோர் இடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். மூடிய செயின் கவர் உள்ள வண்டியில் கீழே ரப்பர் அடைப்பான் இருக்கும். அதைக் கழற்றினால் விரல் போகும். எத்தனை மி.மீ., எந்த ஸ்டாண்டில் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது.

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு சுற்ற வேண்டும். ஸ்விங்ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணலாக நின்று ஸ்பிராக்கெட் பல்லை ஒருபக்கமாகத் தின்னும். நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்கணும். இறுக்கும்போதே ஆக்சில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடும் இழுபட்டு பிரேக் பிடித்துக்கொள்ளும். அதையும் தளர்த்தி, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். கடைசியில் “ரெண்டு பேரு ஏறி இரிங்க, பாக்கட்டு” என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பலாம். பாரம் ஏறியபின்னும் செயினில் ஆட்டம் மிச்சமிருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார்.

சரி, முறுக்கிய செயின் ஏன் மறுபடி தொய்கிறது? இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (சிறு தண்டு), அதைச் சுற்றி புஷ் (சிறு குழாய்), அதன்மேல் ரோலர் (உருளை). 1880-ல் ஹான்ஸ் ரெனால்ட் என்ற எஞ்சினியர் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும். பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்தில் கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால், 110 கண்ணியில் மொத்தம் 11 மி.மீ. கூடிவிடும்.

நம் கடலோரத்தில் இந்தத் தேய்மானம் வேகம் கூடுதல். மணவாளக்குறிச்சி கருமணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு கார்னெட்டும் இருக்கிறது; உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம் அது. எண்ணெய் வழியும் செயினில் இந்த மணல் ஒட்டினால் அரைக்கும் பசையாகிவிடும். கூடவே உப்புக் காற்று துருவைக் கொண்டுவரும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது வீண் வேலை. அதிலேயே உலோகத்தூள் இருக்கிறது. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, துடைத்து, 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கமாக விட்டு, வழிவதைத் துணியால் எடுத்துவிட்டால் போதும்.

பின் ஸ்பிராக்கெட்டின் பின்முனையில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு விலகினால் அட்ஜஸ்ட் பண்ணும் காலம் முடிந்தது. செயினோடு இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சீக்கிரம் கெடும். செயினின் இரு முனைகளையும் சேர்த்துப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.