வால்வு ஓசையைக் கணக்கிடும் பெட்டிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் நெருங்கும்போது, பட்டணத்துக் கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை தொடங்கிவிடும். கித்தார் வாசிப்போர் கொண்டாடும் ஃபெண்டர் டுவின் ரிவெர்ப் போன்ற வால்வு ஆம்ப், அதாவது வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கி, ஏறத்தாழ 29 கிலோ எடை கொண்டது. அதைச் செம்பனைக் காட்டுப் பாதையில் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவதைவிட, அதன் ஓசையைக் கணக்கிட்டுத் தரும், காலடியில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் மாடலர் என்ற பெட்டி எவ்வளவோ மேல். இவ்வாண்டு குழுவின் இளைஞர் இருவர் ஆளுக்கொரு மாடலர் வாங்கி வந்து, யாருடையதில் ஓசை சிறந்தது என்று வாதாடத் தொடங்கினர்.

வால்வு, கித்தாரிலிருந்து வரும் சிறிய மின்குறிப்பை (சிக்னலை) ஏறக்குறைய உருமாறாமல் பெருக்குகிறது. குறிப்பு பெரிதாகும்போது அலையின் முகடுகள் படிப்படியாகத் தட்டையாகி, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. டிஸ்டார்ஷன் என்பது இதுவே. இவ்வளவுதான் என்றால், உள்ளே வருவது இவ்வளவு, வெளியே போவது இவ்வளவு என்ற அட்டவணை ஒன்றே போதுமானதாக இருக்கும். ஆனால் ஆம்புக்கு நினைவு உண்டு. ஆறு தந்திகளையும் ஓங்கி மீட்டும்போது மின்வழங்கியின் அழுத்தம் கணநேரம் தளர்ந்து மீள்கிறது. மின்தேக்கிகள் மின்னூட்டத்தைச் சற்று நேரம் தேக்கி வைக்கின்றன. ஆகவே ஒரே சுரம், அதற்கு முன் எதை வாசித்தோம் என்பதைப் பொறுத்து வேறுவேறாக ஒலிக்கும். மாடலர்களின் தரம் பிரிவது பெரும்பாலும் இந்த நினைவில்தான்.

1998இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற மாடலர் இத்தகைய கருவிகளைப் பரவலாக்கியது. இன்று இரு வழிகள் நிலைபெற்றுள்ளன. மின்சுற்றின் உறுப்புகளைச் சமன்பாடுகளாக எழுதிக் கணந்தோறும் தீர்ப்பது ஒன்று. மற்றொன்று, உண்மையான ஆம்ப் ஒன்றின் வழியே சோதனை ஒலிகளைச் செலுத்தி, அது செய்யும் மாற்றத்தைப் படியெடுப்பது. 2011இல் வந்த கெம்பர் என்ற கருவி இதில் புகழ்பெற்றது, இப்போது நரம்பியல் வலைப்பின்னல்களும் இதையே செய்கின்றன. படியெடுப்பு ஒரு நிழற்படம் போன்றது: ஆம்பின் திருகிகள் அன்று எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையை வியக்கத்தக்க நெருக்கத்தில் தரும், பின்னர் நாம் திருகியைத் திருப்பினால், மூல ஆம்ப் அப்படித்தான் மாறியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மலிவான கணக்கு தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம் வேறு. ஒலியை நொடிக்கு 48,000 எண்களாக நறுக்கினால், 24 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணை அவற்றால் குறிக்க இயலாது. டிஸ்டார்ஷன் கணக்கோ மேற்சுரங்களைப் பெருக்கிக்கொண்டே போகும். 5 கிலோ ஹெர்ட்ஸ் கூறு ஒன்றின் ஒன்பதாம் மடங்கு 45 கிலோ ஹெர்ட்ஸ். அது மறைந்துபோகாமல் மடங்கித் திரும்பி, 48இல் 45 போக மீதியான 3 கிலோ ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அந்தச் சுரத்தோடு எந்த உறவும் இல்லாத அந்நிய ஒலி அது. தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றினால் இவ்வொலி கீழ்நோக்கி இறங்கும் என்பதால், மேல் கட்டைகளில் ஒற்றைத் தந்தியை மெல்ல வளைத்துக் கேட்பதே இதைப் பிடிக்கும் வழி. நல்ல கருவிகள் அந்தப் பகுதியை மட்டும் எட்டு மடங்கு போன்ற உயர் வீதத்தில் கணக்கிட்டு, மிகையானதை வடிகட்டிய பிறகே பழைய வீதத்துக்கு இறக்குகின்றன. கருவியின் செயலி (பிராசசர்) செய்யும் உழைப்பில் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது.

ஆயினும், இரு பெட்டிகளுக்கிடையே நாம் முதலில் உணரும் வேறுபாடு ஆம்பைச் சேர்ந்ததே அன்று என்பது என் கணிப்பு. கித்தாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் செங்குத்தாகக் குறைத்துவிடுகிறது. அதன் முன் வைத்த மைக்கை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே ஓசையின் நிறம் மாறிவிடும். மாடலர்களில் இந்த வேலையை, ஸ்பீக்கரும் மைக்கும் ஒலியை மாற்றும் விதத்தைப் பிடித்துவைத்த ஐ.ஆர். எனப்படும் சிறு பதிவு செய்கிறது. 48,000 வீதத்தில் 2,048 எண்கள் கொண்ட ஐ.ஆர். சுமார் 43 மில்லி நொடி நீளமே. அதை மாற்றினால் பெட்டியையே மாற்றியதுபோல் இருக்கும். பெட்டி கணக்கிடுவதால் ஏற்படும் தாமதத்தைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்: 3 மில்லி நொடி என்பது ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம்.

இன்னொரு மயக்கம் ஒலியளவு. சற்றே உரத்து ஒலிப்பதைக் காது தரமானது என்று எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த அளவில் கீழ்ச்சுரங்கள் நமக்குக் குறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினர். இரவில் அண்டை வீட்டாருக்கு அஞ்சி மெல்லக் கேட்டு அமைத்த ஓசை, கோயில் பந்தலின் பெரிய ஸ்பீக்கர்களில் ‘கும்’மென்று அடைத்துக்கொள்வது இதனால்தான்.

எனவே ஒரே வாசிப்பைப் பதிவு செய்து இரண்டு பெட்டிகளுக்கும் ஊட்டினோம். இரண்டிலும் ஒரே ஐ.ஆர். ஏற்றி, ஒலியளவையும் சமப்படுத்தினோம். எது எவருடையது என்று மறைத்தபோது, பல தந்திகளை ஒருங்கே மீட்டும் அழுத்தமான கார்டுகளில் இருவராலும் தம் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு நேரடியாக வாசித்து, கித்தாரின் ஒலியளவுத் திருகியைப் பாதிக்குக் குறைக்கச் சொன்னேன். ஒன்றில் டிஸ்டார்ஷன் விலகி, வால்வு ஆம்பில் நிகழ்வதுபோலத் தெளிந்த ஓசை வெளிப்பட்டது. மற்றதில் அதே கரகரப்புச் சன்னமாக ஒலித்தது. தெளிந்து ஒலித்தது விலை குறைந்த பெட்டி.