கன்னக் கூட்டத்துக்கு ஏன் போகணும்? (நெல்லு வெதைக்கிறவங்களுக்கு)

வெலிமட, ஊவா பரணகம, வலப்பனை பக்கம் தேயிலை மலைக்கு அடியில வயல் செய்றவங்க, அந்தேக்கு (வெளைச்சல்ல பங்கு குடுக்கிற பேச்சுல அடுத்தவங்க வயல) எடுத்து செய்றவங்க எல்லாருக்கும்தான் இது. போகம் தொடங்க முந்தி கூடுற கன்னக் கூட்டம் சும்மா டீ குடிச்சிட்டு கலையிற மீட்டிங்னு நெனச்சு நெறைய பேர் போறதே இல்ல, ஆனா அங்க எடுக்கிற முடிவுக்கு சட்டத்துல பலம் இருக்கு, வராத ஆளும் அதுக்கு கட்டுப்படணும்.

80 ஹெக்டேயர் வரைக்கும் உள்ள சின்ன நீர்ப்பாசனம்னா, மலையில அநேகமா அதுதானே, கமநல சேவை நிலையம்தான் கூட்டத்த நடத்தும். மொத தண்ணி எப்ப, வாய்க்கால் துப்புரவு யாரு, எத்தன மாச நெல்லு, வெதைக்க கடைசி நாள் எது, மாட்ட எப்ப கட்டணும், எல்லாம் அங்கதான்.

நம்மளுக்கு முக்கியமானது முறைத்தண்ணி, அதாவது ஒவ்வொரு வயலுக்கும் முறை வச்சு விடுற தண்ணி. நாத்து நட்டா நெல்லு புல்ல விட பெரிசா நிக்கும், தண்ணியும் கட்டி வைக்கலாம். முளை கட்டி சேத்துல வீசினா நெல்லும் புல்லும் ஒண்ணாவே மொளைக்கும், மொத வாரம் தண்ணி கட்டவும் ஏலாது, ஈரம் மட்டும் காயாம இருக்கணும். பொறகு பிஸ்பைரிபக் மாதிரி புல்லுக் கொல்ற மருந்து அடிக்கிறதுன்னா புல்லு ரெண்டு மூணு இலை விட்ட நேரம் தண்ணிய வடிச்சு, புல்லோட இலை வெளிய தெரியணும், அடிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல திரும்ப தண்ணி கட்டணும். அந்த நேரம் பாத்து உங்க முறை அடுத்த வாரம்னா மண்ணு காஞ்சு அடுத்த செட் புல்லு கெளம்பிடும், அடிச்ச காசு போச்சு.

படி வயல்ல இன்னொரு தொல்ல. மேல உள்ளவர் வக்கடைய (வரம்புல தண்ணி விடுற வாய) தொறந்தா தண்ணி நேரா கீழ் வயலுக்குத்தான் வரும், கீழ உள்ளவர் வெதச்சு மூணு நாள்தான்னா அவரோட வெதை மெதந்து போகும், மருந்து கலந்த தண்ணின்னா இன்னும் மோசம். அதனால ஒரே வாய்க்கால்காரங்க ஒரே கெழமைக்குள்ள வெதைக்கணும், மருந்தடிச்ச பொறகு தண்ணி கெடைக்கிற மாதிரி முறை போடணும்னு கூட்டத்துலயே கேளுங்க, கேட்டத கூட்டக் குறிப்புல எழுதச் சொல்லுங்க, வாய்ப்பேச்சா விட்டா வரம்புல நின்னு சண்ட போட வேண்டியதுதான்.

அந்தேக்கு செய்றவங்க கமநல நிலையத்து காணி இடாப்புல பயிர் செய்றவரா தன்னோட பேர் இருக்கான்னும் பாத்துக்கோங்க, உர மானியம்னு போய் நிக்கிறப்போ அதத்தான் மொதல்ல பாப்பாங்க. எந்த மருந்து, எவ்வளவுன்னு விவசாயத் திணைக்களத்தோட 1920 நம்பருக்கு போன் அடிச்சு கேக்கலாம். முறைத்தண்ணிய மாத்தணும்னா மட்டும் கூட்டம்தான்.