குடிக்கு முதலில் மருந்தா, மனதுக்கா?

‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும், மனசு விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்’ என்று ஓரிடத்தில் சொல்லியிருப்பார்கள். ‘செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறாரே, அதற்கு மருந்து எடுத்துச் சரியாகட்டும், பிறகு போதைச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று இன்னோரிடத்தில். இப்படி அங்கும் இங்கும் அலைந்து களைத்த பிறகுதான் பல குடும்பங்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகின்றன. தனித்தனியாகக் கேட்டால் இரண்டு தரப்பும் சொன்னது நியாயமாகத்தான் படும். ஆனால் நோயாளி ஒருவர்தானே! இரண்டில் ஒன்று தீரும்வரை மற்றொன்று சும்மா இருக்கப்போவதில்லை.

குடியும் மனநோயும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது ஏதோ அபூர்வமான கூட்டு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பல்லாயிரம் பேரிடம் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில், இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவது என்று வரும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மது அல்லது போதைப்பொருள் பிரச்சினை இருந்திருக்கிறது. அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் பாதிக்கும் மேல். மதுப் பிரச்சினை உள்ளவர்களை எடுத்துக்கொண்டால் 37 சதவீதம் பேருக்குக் கூடவே ஒரு மனநலக் கோளாறும் இருந்தது.

எது முன்னால் வந்தது என்று நாங்களும் கேட்கிறோம். காரணம் உண்டு. மதுவே மனச்சோர்வை உண்டாக்கும். 1988இல் வந்த ஒரு ஆய்வில், குடிநோய்க்காகச் சேர்ந்த ஆண்களில் 42 சதவீதம் பேருக்கு முதல் வாரத்தில் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இருந்தது. மதுவைத் தொடாமல் நான்கு வாரம் போனபோது அது 6 சதவீதமாகக் குறைந்தது. அதனால்தான் வந்த அன்றே எல்லோருக்கும் மனச்சோர்வு மாத்திரை எழுதிவிடுவதில்லை.

ஆனால் காத்திருக்கக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க நான் நம்பும் கேள்வி ஒன்று: ‘குடிக்காமலே ரொம்ப நாள் இருந்த காலம் எது? அப்போது மனசு எப்படி இருந்தது?’ ஒருவரிடம் இதைக் கேட்டபோது அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். பதில் மனைவியிடமிருந்து வந்தது. “கால் உடைஞ்சு ரெண்டு மாசம் படுத்திருந்தப்ப ஒரு சொட்டு குடிக்கல டாக்டர். ஆனா அப்பவும் விடியக்காலை மூணு மணிக்கே முழிச்சுக்கிட்டு சுவத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. சாப்பாடும் இறங்காது.” அதற்கு மேல் நான்கு வாரம் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் தலைகால் புரியாத உற்சாகம், இவை இருந்தாலும் அப்படித்தான். இரண்டு சிகிச்சையும் அன்றைக்கே தொடங்க வேண்டும்.

புறநோயாளிச் சிகிச்சை என்றால் மாதம் ஒருமுறை வந்து சீட்டு வாங்கிப்போவது என்று நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அது போதாது. முதல் சில நாட்கள் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு மூன்று தடவை என்று வர வேண்டியிருக்கும். தீவிரப் புறநோயாளித் திட்டம் என்று சில இடங்களில் வாரத்துக்கு 9 மணி நேரமோ அதற்கு மேலோ குழு அமர்வு, தனி ஆலோசனை, குடும்ப அமர்வு எல்லாம் நடக்கும். இதில் ஒரு அனுகூலம் உண்டு. உள்நோயாளியாக இருப்பவர் குடிக்காமல் இருப்பதில் பாதி, கிடைக்காததால். புறநோயாளியோ அதே தெருவில், அதே சம்பள நாளில், அதே நண்பர்களுக்கு நடுவில் இருந்து பழக வேண்டும். சிரமம்தான். ஆனால் எந்த நேரத்தில் எதனால் கை போகிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

வரும்போதெல்லாம் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்வேன். இரண்டு வார அட்டையில் சனி, ஞாயிறு மாத்திரைகள் மட்டும் அப்படியே இருக்கும். மறதி இல்லை. ‘குடிச்ச அன்னிக்கு மாத்திரை போடக்கூடாதுன்னு சொன்னாங்க.’ யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. வாராவாரம் இரண்டு நாள் விட்டுவிட்டால், திங்கட்கிழமை தலைசுற்றலும் எரிச்சலும் பதற்றமும் வரும். அதில் எது மதுவால், எது மாத்திரை விட்டதால் என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல’ என்று முடிவுக்கு வந்துவிடுவார். மனச்சோர்வு, மனச்சிதைவு மருந்துகளில் பலவற்றைக் குடித்த நாளிலும் விடக்கூடாது. தூக்க மாத்திரை, டையசெபம் போன்றவற்றை மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகலாம். ஆகவே எதை விடுவது, எதைத் தொடர்வது என்று ஒவ்வொரு மருந்துக்கும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘நான் குடிக்கவே மாட்டேன், எதுக்கு அந்தக் கேள்வி’ என்று வீறாப்பாகச் சொல்பவர்களுக்கும் நான் எழுதித்தான் கொடுக்கிறேன்.

இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்ப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிராம், சிலருக்கு மனச்சிதைவு அறிகுறிகளைக் கிளறிவிடும். மனச்சிதைவுக்கான க்ளோசபின் மருந்தைச் சாப்பிடுபவர் திடீரென்று சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி மருந்தைச் சீக்கிரம் கரைத்துக்கொண்டிருந்தது. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. மந்தம், எச்சில் ஊறல், சிலருக்கு வலிப்புகூட வரலாம். புகையை நிறுத்தியது நல்ல காரியம்தான், ஆனால் மனநல மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால் மருந்தின் அளவைக் குறைத்திருப்பார். நிகோடின் ஒட்டுப்பட்டை இந்த வேலையைச் செய்யாது, புகைதான் செய்கிறது.

டைசல்ஃபிராம் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. ‘அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்துடலாமா டாக்டர்?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு வழிகளும் உண்டு. அவற்றை எடுப்பவர் குடித்தாலும் இப்படி ஆகாது. குடிக்கும் வேட்கைதான் குறையும். ஆனால் ஓபியாய்டு வகை, அதாவது மார்பின் போன்ற, வலிமருந்து எடுப்பவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுக்கக்கூடாது. அகாம்ப்ரோசேட்டுக்கு முன் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லோரையும் வீட்டிலிருந்தபடி பார்க்க முடியாது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நிலைகுழம்பி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் டெலிரியம் வரும். அது உயிரைப் பறிக்கக்கூடியது. முன்பு ஒருமுறையாவது வலிப்போ டெலிரியமோ வந்தவர், தற்கொலைக்கு முயன்றவர், கர்ப்பிணி, வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதவர், இவர்களை உள்நோயாளியாகத்தான் சேர்க்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கக்கூடியவர்களுக்கும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை இரண்டு மூன்று நாளுக்கு மட்டுமே கொடுத்து, வீட்டில் ஒருவர் கையில் ஒப்படைப்போம். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின். அதன் குறைபாடு நினைவாற்றலை நிரந்தரமாகப் பறித்துவிடும், ஆனால் சீட்டில் அலட்சியப்படுத்தப்படுவதும் அந்த மாத்திரைதான்.

மறுபடி குடித்துவிட்டால் சந்திப்புக்கு வராமல் ஒளிந்துகொள்கிறார்கள், முகத்தில் எப்படி விழிப்பது என்று. குடித்திருந்தாலும் வாருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அன்றைக்கு நீளமாகப் பேச முடியாதுதான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று பார்ப்போம், இரண்டு நாளில் மறுபடி வரச் சொல்வோம். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை விட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சில வாரம் இடைவெளி விட்டால் உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் அதுவே கொன்றுவிடும்.

முதல் தடவை வரும்போது, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், மற்ற இடங்களில் கொடுத்த சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். வலிப்பு வந்ததுண்டா, கடைசியாக எப்போது குடித்தார், நீண்ட நாள் குடிக்காமல் இருந்தது எப்போது என்று யோசித்துவைத்திருங்கள். அவர் வர மறுக்கிறாரா? சரி, நீங்கள் மட்டுமாவது வாருங்கள். குடும்பத்தினர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றக் கற்றுக்கொடுத்தாலே வர மறுத்தவர்களில் பலர் பிறகு தாமாக வருகிறார்கள். குடித்து வந்த இரவில் வாக்குவாதம் செய்யாமல், தெளிந்த காலையில் பேசுவது எப்படி என்பதிலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்குவோம்.